வீசுகிறவரே அடிக்கிறவரும்: இரட்டை ஆட்டக்காரருக்கு விலை போடுவது எப்படி

ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் தம் போடும் மாஸ்டருக்கு ஒரு சம்பளம். சாயங்காலம் பரோட்டா கல்லில் நிற்கிறவருக்கு ஒரு சம்பளம். ‘ரெண்டையும் நானே பார்த்துக்கறேன்’ என்று ஒருவர் வந்தால் முதலாளி இரண்டு சம்பளத்தையும் கூட்டித் தருவாரா? மாட்டார். ஒரே சம்பளம் கொடுத்தால் அந்த ஆள் அடுத்த மாதம் வாணியம்பாடியில் வேறு கடையில் நிற்பார். நடுவில் ஒரு தொகை இருக்கிறது. அதைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

இதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் பேஸ்பாலில் இருக்கிறது. ஷோஹெய் ஒடானி, ஜப்பான்காரர். பந்தும் வீசுவார், ஹோம் ரன்னும் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிப்பார். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி அவரோடு 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அது அதிகமா, குறைவா, சரியா என்று ஒரு நோட்டும் போன் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு நீங்களே பார்த்துவிடலாம். அதே கணக்கைச் சின்னதாக்கினால் பாலாற்று மணலில் நடக்கும் டென்னிஸ் பால் டோர்னமென்டுக்கு வெளியூர் ஆல்ரவுண்டரைக் கூப்பிடும்போதும் உதவும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்கு

ஆல்ரவுண்டர் என்பவர் நமக்குப் புதிதல்ல, ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பேஸ்பாலில் அப்படியில்லை. அங்கே பந்து வீசும் பிட்சர் வேறு, அடிக்கும் பேட்டர் வேறு. அமெரிக்காவின் எம்.எல்.பி. (மேஜர் லீக் பேஸ்பால்) லீக்கில் 2022 முதல் எல்லா அணிகளிலும் பிட்சருக்குப் பதிலாக அடிக்க மட்டும் ஒருவர் வருகிறார், அவருக்கு டி.எச். (டெசிக்னேட்டட் ஹிட்டர்) என்று பெயர். ஃபீல்டிங் கிடையாது, அடித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். ஒடானி வீசாத நாளில் டி.எச்., வீசும் நாளில் பிட்சரும் அவரே, டி.எச்.சும் அவரே. வீச்சை முடித்துக்கொண்டு இறங்கிய பிறகும் அவர் தொடர்ந்து அடிக்கலாம் என்று 2022இல் விதியையே மாற்றினார்கள்.

ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். பேட்டர் ஏறக்குறைய தினமும் ஆடுவார். தொடக்க பிட்சர் ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒரு முறைதான் வீசுவார், ஏனென்றால் முழங்கை தாங்காது. கீழே வரும் கழித்தல்களில் பாதிக்குக் காரணம் இந்த முழங்கைதான்.

முதலில் கோடு போடுங்கள்

எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதில் தொடங்கினால் கணக்கு தடம் மாறிவிடும். அவர் இல்லையென்றால் அந்த இடத்தில் யார் நிற்பார், அவருக்கு மேல் இவர் எவ்வளவு என்பதில் தொடங்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கிற ஆளைப் பதிலாள் என்று வைத்துக்கொள்வோம். எம்.எல்.பி.யில் 2024இன் குறைந்தபட்சச் சம்பளம் 7.4 லட்சம் டாலர். முழுக்க இப்படிப்பட்ட ஆட்களையே வைத்து ஓர் அணி அமைத்தால் 162இல் சுமார் 48 ஆட்டம் ஜெயிக்கும் என்பது அங்கே கணக்குப் போடுகிறவர்கள் ஒப்புக்கொண்ட கோடு.

இங்கே இரண்டு தப்பு நடக்கும். சிலர் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் சுமார் ஆட்டக்காரருக்கும் கோடிகள் வரும். சிலர் லீக் சராசரியிலிருந்து எண்ணுவார்கள். அப்படியானால் சராசரி ஆட்டக்காரர் பைசா பெறாதவர் ஆகிவிடுவார். சராசரி ஆட்டக்காரர் சும்மா கிடைப்பதில்லை, சும்மா கிடைப்பவர் சராசரிக்கும் கீழே. கோட்டை அந்தக் கீழ்மட்டத்தில் போடுங்கள்.

அடியைத் தனியாக, வீச்சைத் தனியாக

இரண்டையும் ஓட்டத்தில் அளந்து கடைசியில் கூட்ட வேண்டும். சுமார் 10 ஓட்டம் ஒரு வெற்றிக்குச் சமம், அதுதான் மாற்று விகிதம். ஒடானியின் 2022 சீசனைப் போட்டுப் பார்ப்போம்.

வீச்சு: 166 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ்), ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ஓட்டச் சராசரி 2.33. பதிலாள் பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்கு 5 கொடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2.67. அதை 166ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் 49 ஓட்டம், அதாவது 4.9 வெற்றி. இந்தச் சராசரியில் ஃபீல்டர் தவறால் போன ஓட்டங்கள் சேராது. துல்லியம் வேண்டுமானால் மொத்த ஓட்டத்தை எடுங்கள், தோராயத்துக்கு இதுவே போதும்.

அடி: 34 ஹோம் ரன் அடித்த வருஷம். சராசரி பேட்டரைவிடச் சுமார் 30 ஓட்டம் கூடுதல். சராசரிக்கும் பதிலாளுக்கும் முழு சீசனில் சுமார் 20 ஓட்ட இடைவெளி, அதைக் கூட்டினால் 50. பலர் விட்டுவிடுகிற கழித்தல் அடுத்து வருகிறது. டி.எச். ஃபீல்டிங் செய்வதில்லை, கையில் கிளவுஸே இல்லாத ஆள். அதற்காக முழு சீசனுக்கு 17.5 ஓட்டம் கழிப்பது வழக்கம். மீதி 32.5, அதாவது சுமார் 3.3 வெற்றி.

இரண்டும் சேர்த்து 8.2. பெரிய புள்ளிவிவரத் தளங்கள் மைதானத்தின் அளவு, எதிரணியின் பலம் எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கில் 9ஐத் தாண்டுகிறது. நோட்டுக் கணக்குக்கு இந்த இடைவெளி மோசமில்லை.

இனி விலை. வெளிச் சந்தையில் ஒரு கூடுதல் வெற்றியை வாங்க அணிகள் கொடுப்பது 80 முதல் 90 லட்சம் டாலர் என்பது அந்தக் காலத்தில் புழங்கிய மதிப்பு. 80 லட்சம் என்றே வைத்தால் 2022இல் ஒடானி செய்த வேலை சுமார் 6.5 கோடி டாலர் பெறும். அந்த வருஷம் அவர் கைக்கு வந்த சம்பளமோ 55 லட்சம் டாலர்! யாரும் ஏமாற்றவில்லை, விதி அப்படி. எம்.எல்.பி.யில் ஆறு வருஷ சர்வீஸ் முடியும்வரை ஆட்டக்காரர் வெளிச் சந்தைக்குப் போக முடியாது. ஆகவே ஒருவரின் பழைய சம்பளத்தை வைத்துப் புது விலை பேசாதீர்கள். சந்தை பூட்டியிருந்தபோது வாங்கிய சம்பளம் அது.

கூட்டினால் ஏன் தப்பாகிறது

நேர்வழி இருக்கும்போது இவ்வளவு சுற்று எதற்கு, ஒரு பெரிய பேட்டர் சம்பளத்தையும் ஒரு பெரிய பிட்சர் சம்பளத்தையும் கூட்டிவிட்டால் போச்சே என்று தோன்றும். கூட்டித்தான் பாருங்கள். நியூயார்க் யாங்கீஸின் ஆரோன் ஜட்ஜ் 9 ஆண்டுக்கு 36 கோடி டாலர், வருஷத்துக்கு 4 கோடி. அதே அணியின் பிட்சர் கெரிட் கோல் 9 ஆண்டுக்கு 32.4 கோடி, வருஷத்துக்கு 3.6 கோடி. கூட்டினால் 7.6 கோடி. ஒடானிக்கு 7 கோடி. கிட்டத்தட்டச் சரியாக வருகிறதே?

வரவில்லை. அந்த 7 கோடியின் இன்றைய மதிப்பு 4.6 கோடிதான். எப்படி என்பது பின்னால் வருகிறது. பேட்டருக்கு 4 கோடி என்று வைத்தால், பிட்சர் வேலைக்காகச் சந்தை மேலே வைத்தது 60 லட்சம்தான், கோலின் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகாத ஆளுக்குப் போட்ட விலை என்பதால் இவ்வளவு சிறுத்தது. முழங்கை நன்றாக இருந்தாலும் பங்கு பாதியைத் தாண்டுமா என்பது சந்தேகம்தான்.

காரணம் லேசானது. இரண்டு ஆட்களை வாங்கினால் ஒருவருக்கு அடிபட்டாலும் மற்றவர் ஆடுவார். ஒரே ஆளை வாங்கினால் ஒரே உடம்பு. 2024 உலகத் தொடரின் (எம்.எல்.பி.யின் இறுதிச் சுற்று) இரண்டாம் ஆட்டத்தில் ஒடானி இரண்டாம் பேஸைத் திருட, அதாவது பந்து அடிக்கப்படும் முன்பே அடுத்த பேஸுக்குப் போக, ஓடிச் சறுக்கியபோது இடது தோள் மூட்டு விலகியது. வீசுவது வலது கையால். இருந்தும் இடது தோளுக்கு அறுவை சிகிச்சை செய்ததில் வீச்சுப் பயிற்சி தள்ளிப்போனது. 2025 ஜூனில்தான் பிட்சர் நின்று வீசும் மேட்டில் மறுபடி ஏறினார். பேட்டராக ஓடி வாங்கிய காயத்துக்கு பிட்சர் வேலை விலை கொடுத்தது. பிரியாணி மாஸ்டர் கையைச் சுட்டுக்கொண்டால் அன்று பரோட்டாவும் கிடையாது.

வலது முழங்கைக்கு 2018இல் ஒரு முறை, 2023இல் ஒரு முறை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு முழு சீசனுக்கு மேல் வீச்சு போயிற்று, ஆனால் அடி போகவில்லை. 2019இலும் 2024இலும் டி.எச். ஆகவே ஆடினார். இதில் ஒரு பாடம் இருக்கிறது: இரண்டு வேலையின் ஆபத்தும் ஒரே அளவல்ல. வீச்சுக்கு அதிகமாகக் கழியுங்கள், அடிக்குக் குறைவாக.

பத்து வருஷத்தை விரித்துப் போடுங்கள்

ஒரு வருஷக் கணக்கைப் பத்தால் பெருக்குவதுதான் அணிகளை மூழ்கடிக்கும் தப்பு. வயசாகும். முப்பதைத் தாண்டினால் வருஷத்துக்கு அரை வெற்றி குறையும் என்பது வழக்கமான கழித்தல். ஒப்பந்தத்தின் முதல் சீசன் பாதியில் ஒடானிக்கு 30 வயது முடிந்தது.

நோட்டில் இரண்டு வரிசை போடுங்கள். அடி வரிசையில் முதல் வருஷம் 5 வெற்றி, பிறகு வருஷத்துக்கு அரை குறைத்துக்கொண்டே வந்தால் பத்தாம் வருஷம் அரை. கூட்டுத்தொகை 27.5. வீச்சு வரிசையில் முதல் வருஷம் பூஜ்யம், இரண்டாம் வருஷம் 1.5, மூன்றாம் வருஷம் 3.5, பிறகு அதே மாதிரி அரை அரையாக இறக்கினால் பத்தாம் வருஷம் மறுபடி பூஜ்யம். கூட்டுத்தொகை 15.5. வீச்சுத் தொகையை மட்டும் 0.7ஆல் பெருக்குங்கள், முழங்கை மறுபடி போகலாம் என்பதற்கு. சுமார் 10.9 வரும். ஆக மொத்தம் 38.4 வெற்றி. 80 லட்சத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 30.7 கோடி டாலர்.

வெற்றியின் விலை வருஷா வருஷம் ஏறுமே, பணத்தின் மதிப்பு இறங்குமே என்று கேட்பீர்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் தோராயக் கணக்கில் ஒன்றை ஒன்று அடித்துவிட விடலாம். ஒன்றை மட்டும் சேர்த்து மற்றதை விடுவதுதான் கூடாது. ஏஜென்டுகள் ஏற்றத்தை மட்டும் சேர்ப்பார்கள். அவர்கள் தொழில் அது.

அணியில் மிச்சமாகும் இடம்

எம்.எல்.பி. அணியில் 26 பேர், அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. இரட்டை ஆட்டக்காரர் என்ற தகுதி பெற்றவர் இந்த 13இல் சேரமாட்டார். அந்தத் தகுதிக்கு நடப்பு சீசனிலோ அதற்கு முந்தைய இரண்டில் ஒன்றிலோ 20 இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும், ஃபீல்டராகவோ டி.எச். ஆகவோ 20 ஆட்டத்தில் ஆட்டத்துக்குக் குறைந்தது மூன்று முறை அடிக்க வந்திருக்க வேண்டும். கிடைத்தால் அணிக்கு ஒரு பிட்சர் கூடுதல்.

இதற்குப் பெரிய தொகை போடுகிறவர்கள் உண்டு. அவ்வளவு போடாதீர்கள். கூடுதலாகக் கிடைக்கிறவர் பதினாலாவது பிட்சர்தானே. அவர் எவ்வளவு வீசிவிடப்போகிறார்? தவிர, இரட்டை ஆட்டக்காரர் தினமும் டி.எச். இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கால் வலி உள்ள வேறு மூத்த பேட்டருக்கு அங்கே ஓய்வு கொடுக்க முடியாது. அவருக்காக மற்ற பிட்சர்களின் முறையையும் ஒரு நாள் தள்ள வேண்டியிருக்கும். இதையெல்லாம் கழித்தால் வீசும் வருஷத்துக்கு கால் வெற்றி, அவ்வளவுதான். மேலே போட்ட வரிசையில் எட்டு வருஷம் வீசுகிறார். 20 லட்சம் எட்டு முறை, 1.6 கோடி. மொத்தம் 32.3 கோடி.

டாட்ஜர்ஸ் கொடுத்ததன் இன்றைய மதிப்பு 46.1 கோடி. மீதி 13.8 கோடி, வருஷத்துக்கு 1.38 கோடி. அதை மைதானத்துக்கு வெளியே சம்பாதிக்க வேண்டும்: டிக்கெட், மைதான விளம்பரப் பலகை, ஜப்பானியக் கம்பெனிகளின் ஸ்பான்சர்ஷிப். இங்கே ஒரு குழி இருக்கிறது. ‘ஜெர்சி விற்றே பணத்தை எடுத்துவிடுவார்கள்’ என்று எல்லோரும் சொல்வார்கள். கடைகளில் விற்கும் ஜெர்சி உரிமப் பணமும் தேசிய டி.வி. பணமும் 30 அணிகளுக்கும் சமமாகப் பிரியும். ஒடானி ஜெர்சியால் அவருடைய எதிரணிக்கும் அதே பங்குதான். ஆகவே அந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். மைதானத்துக்குள் வருகிற பணம் மட்டும் அணியுடையது.

என் தீர்ப்பு கேட்டால், 46 கோடி சரியான விலை. மலிவு என்று அன்றைக்குச் சொல்லியிருக்க முடியாது. அப்புறம் நடந்தது வேறு. 2024இல் வீசாமலேயே 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு. 2025இல் 55 ஹோம் ரன்னோடு 47 இன்னிங்ஸ் வீச்சு. இரண்டு வருஷமும் கோப்பை. விளைந்த பிறகு விலை பேசினால் எந்த நிலமும் மலிவுதான். கணக்கை விதைக்கும்போது போட வேண்டும்.

பணம் எப்போது கைக்கு வருகிறது

ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இது விளக்காமலே புரியும். ஒரு லட்ச ரூபாய் சீட்டில் முதல் மாசமே எடுக்கிறவர் தள்ளிக்கொடுத்து எழுபதோ எழுபத்தைந்தோ வாங்கிப் போவார். கடைசிவரை காத்திருப்பவருக்கு முழு லட்சம். இரண்டும் ‘ஒரு லட்சச் சீட்டு’தான், ஆனால் கையில் விழும் மதிப்பு வேறு.

ஒடானி கடைசிச் சீட்டை எடுத்தவர். வருஷச் சம்பளம் 7 கோடி டாலரில் ஆடும் வருஷத்தில் அவர் வாங்குவது 20 லட்சம் மட்டும். மீதி 6.8 கோடி பத்து வருஷம் கழித்து, வட்டியில்லாமல். 2024க்கானது 2034இல், 2033க்கானது 2043இல். இன்றைய மதிப்பைக் கண்டுபிடிக்க லீக் எடுத்துக்கொண்ட வட்டி 4.43 சதவீதம். கால்குலேட்டரில் 1.0443ஐப் பத்து முறை பெருக்குங்கள், 1.54 வரும். 6.8 கோடியை அதனால் வகுத்தால் 4.41 கோடி. அதோடு 20 லட்சத்தைச் சேர்த்தால் 4.61 கோடி. தலைப்புச் செய்தியில் 7, கணக்கில் 4.61.

அணிக்கு இதில் இரட்டை லாபம். எம்.எல்.பி.யில் சம்பள உச்சவரம்பு கிடையாது, ஆனால் ஒரு வரம்பைத் தாண்டினால் வரி உண்டு. 2024இல் வரம்பு 23.7 கோடி டாலர். திரும்பத் திரும்பத் தாண்டுகிறவருக்கும் அதிகமாகத் தாண்டுகிறவருக்கும் விகிதம் ஏறிக்கொண்டே போகும், உச்சம் 110 சதவீதம். வரிக் கணக்கில் ஒடானிக்காகச் சேர்வது 7 அல்ல, 4.61. உச்ச விகிதத்தில் நிற்கும் அணிக்கு 2.39 கோடி வித்தியாசத்தின் மேல் வருஷத்துக்கு 2.6 கோடி வரி மிச்சம்.

வட்டி விகிதத்தில் மட்டும் கண் வையுங்கள். 4.43க்குப் பதில் 8 சதவீதம் என்று வைத்தால் 1.08ஐப் பத்து முறை பெருக்க 2.16, மதிப்பு 3.35 கோடிக்கு இறங்கிவிடும். ‘பிறகு தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் எந்த வட்டியில் என்று கேட்டுவிட்டுத்தான் தொகை பேச வேண்டும்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்

வீச்சு நின்றாலும் முழுச் சம்பளம் போகும் ஒப்பந்தம் அணிக்கு ஆபத்து. எம்.எல்.பி. ஒப்பந்தங்கள் பொதுவாக உத்தரவாதமானவை, முழங்கை போனாலும் பணம் போகாது. ஆபத்தைப் பிரித்துக்கொள்ள ஒரு வழி, அடிக்கு நிலையான சம்பளம், வீச்சுக்கு போனஸ். ஆனால் எந்த போனஸ் என்பதில் விதி இருக்கிறது. இத்தனை ஹோம் ரன்னுக்கு இவ்வளவு, இத்தனைக்குக் கீழ் ஓட்டச் சராசரி இருந்தால் இவ்வளவு என்று எழுத முடியாது. எத்தனை இன்னிங்ஸ், எத்தனை ஆட்டம், எத்தனை முறை அடிக்க வந்தார், என்ன விருது வாங்கினார் என்பதற்கு எழுதலாம். காரணம் புரியக்கூடியதே. போனஸுக்கு ஒரு ஹோம் ரன் பாக்கி இருக்கும்போது அணிக்குத் தேவையான சின்ன அடியை யார் அடிப்பார்?

இன்னொரு சங்கதி, ஆட்டக்காரர் பக்கத்திலிருந்து. இரண்டு வேலையும் செய்ய விடுவார்களா என்பதே பேரத்தில் ஒரு பகுதி. பேப் ரூத்தை 1919 டிசம்பரில் யாங்கீஸ் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அந்த வருஷம் பாஸ்டனில் 29 ஹோம் ரன் அடித்தவர், அதற்கு முன் நல்ல பிட்சர். யாங்கீஸுக்கு வந்தபின் அத்தனை வருஷத்தில் மொத்தம் ஐந்தே ஆட்டத்தில்தான் வீசினார். இரண்டு வேலைக்காரரை வாங்கி ஒரு வேலை மட்டும் வாங்குவது அணியின் உரிமை. ஆகவே வீச்சுக்கு போனஸ் மட்டும் என்று ஒப்புக்கொள்கிறவர், வீச விடுவோம் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

பாலாற்று மணலில் இதே கணக்கு

தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள். தண்ணியில்லாத ஆற்றில் பிட்ச் போடலாமே. எட்டு ஓவர் மேட்ச், டென்னிஸ் பால், 32 டீம். முதல் பரிசு 30,000, இரண்டாம் பரிசு 15,000 என்று வைத்துக்கொள்வோம். குடியாத்தத்திலிருந்து ஓர் ஆல்ரவுண்டரைக் கூப்பிடப் போகிறீர்கள். எவ்வளவு கொடுக்கலாம்?

கோடு போடுங்கள். அவர் வராவிட்டால் பெஞ்சில் இருக்கும் பையன் ஆடுவான். அவன் ஓவருக்கு 10 கொடுப்பான், இவர் 7. ஒருவருக்கு இரண்டு ஓவர்தான், ஆக 6 ஓட்டம் மிச்சம். அவன் 12 அடிக்கும் இடத்தில் இவர் 25, ஆக 13 ஓட்டம். மொத்தம் 19. நம்ம ஊர் ஆல்ரவுண்டரின் விலை பெரும்பாலும் பேட்டில்தான் இருக்கிறது என்பது இங்கேயே தெரிகிறது. 48 பந்தில் 12 மட்டும் வீசுகிற ஆளுக்கு பவுலிங் பெயரைச் சொல்லி அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது ஸ்கோர் நோட்டை எடுங்கள். கடைசி 20 மேட்சில் 10 ஜெயித்தீர்கள், 10 தோற்றீர்கள். தோற்றதில் 19 ஓட்டத்துக்குள் தோற்றவை எத்தனை என்று எண்ணுங்கள். நாலு என்றால் பாதியை மட்டும் எடுங்கள், ஏனென்றால் 19 என்பது சராசரி, அவரும் ஒருநாள் முதல் பந்திலேயே போவார். இரண்டு சேர்ந்து 20க்கு 12, அதாவது 60 சதவீதம்.

கோப்பைக்கு ஐந்து மேட்ச். 50 சதவீத டீம் ஐந்தும் ஜெயிக்கும் வாய்ப்பு 3.1 சதவீதம். 60 சதவீத டீமுக்கு 7.8. வித்தியாசம் 4.7 சதவீதம், 30,000இல் சுமார் 1,400 ரூபாய். ஃபைனலில் தோற்று இரண்டாம் பரிசு வாங்கும் வாய்ப்பு 3.1இலிருந்து 5.2க்கு ஏறுகிறது, 15,000இல் சுமார் 300. ஆக அந்த ஆல்ரவுண்டர் டோர்னமென்ட் முழுவதற்கும் உங்கள் டீமுக்குப் பெறுகிற மதிப்பு 1,700 ரூபாய். மேட்சுக்கு ஆயிரம் என்று பேசிவிட்டால் இரண்டாவது ரவுண்டிலேயே கைப்பணம் போகத் தொடங்கிவிடும்.

இதே ஆள் வேறு டீமுக்கு வேறு விலை. ஏற்கனவே 65 சதவீதம் ஜெயிக்கிற டீமை அவர் 75க்கு உயர்த்துகிறார் என்று போட்டுப் பாருங்கள். கோப்பை வாய்ப்பு 11.6இலிருந்து 23.7 ஆகிறது. இரண்டாம் பரிசையும் சேர்த்தால் சுமார் 3,900 ரூபாய். அதே பத்து சதவீத ஏற்றம், இரண்டு மடங்குக்கு மேல் விலை. பலமான டீமுக்குத்தான் நட்சத்திரம் அதிகம் பெறும். டாட்ஜர்ஸ் மாதிரி ஏற்கனவே ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி 13.8 கோடியைத் துணிந்து மேலே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பலவீனமான டீம் அந்தக் காசில் இரண்டு சுமாரான ஆட்களைச் சேர்ப்பதுதான் புத்தி.

கொடுக்கும் விதத்தில் ஒரு வழி: 500 ரூபாய் கையில், மீதி பரிசில் பங்காக. மேலே போட்ட 1,700இல் 500 போக 1,200. 60 சதவீத டீமுக்கு எதிர்பார்க்கும் பரிசு முதல் பரிசில் 2,300, இரண்டாம் பரிசில் 800, மொத்தம் 3,100. 1,200ஐ அதனால் வகுத்தால் 39 சதவீதம், அதுதான் உச்சம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேசாதீர்கள், மற்ற பத்துப் பேர் முகம் சுளிக்கும். பரிசுப் பணத்தை விழாக் கமிட்டி குறைத்துக் கொடுத்தாலும், மழை வந்து டோர்னமென்ட் பாதியில் நின்றாலும், பங்கு என்று பேசியிருந்தால் சண்டை வராது.

கூப்பிடும் முன்பு நோட்டீஸைப் படியுங்கள். ‘உள்ளூர் வீரர்கள் மட்டும்’ என்று இருந்தால் எதிர் டீம் ஆட்சேபம் செய்யும், ஜெயித்த மேட்சும் போகும்.

மே மாச வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஒரே நாளில் மூன்று மேட்ச், மூன்றிலும் ஓபனிங் இறங்கி, மூன்றிலும் முதல் ஓவரும் அவரே என்றால் மூன்றாவதில் பந்து கைக்கு வரும்போது தோள் ஏறாது. டென்னிஸ் பால் எடை குறைவு, வேகம் வர வைக்க தோளைத்தான் பிய்ப்பார்கள். ஒடானியே வாரத்துக்கு ஒரு முறைதான் வீசுகிறார். மூன்றாவது மேட்சில் அவருக்கு ஒரு ஓவர் மட்டும் கொடுங்கள், அதுவும் கடைசிக்கு முந்தைய ஓவர். ‘அண்ணே, தோள் பிடிச்சிருக்கு, பேட்டிங் மட்டும் ஆடறேன்’ என்று சொன்னால் என்ன கொடுப்பது என்பதை முதல் மேட்சுக்கு முன்பே பேசிவிடுங்கள். 19 ஓட்டத்தில் 13 பேட்டில் வருவதால் பேசிய தொகையில் மூன்றில் இரண்டு பங்கு. பெட்ரோல் காசும் மதியச் சாப்பாடும் தனி, அதை எந்தக் கணக்கிலும் கழிக்கக் கூடாது.